காற்றை அளந்த பொறியாளர்

நுழையும்முன்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தவர்கள் தமிழர். பெரும்பொழுது ஆறனுள் முதுவேனிலின் வெம்மையைத் தணிக்கும் வழிகளை அவர்கள் தம் வீட்டமைப்பிலேயே கண்டனர். முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும் அவ்வழிகளே. இன்று கடை, மருத்துவமனை, வங்கி, திரையரங்கு எனப் பலர் கூடும் இடங்களிலெல்லாம் குளிர்சாதனம் இயங்குகிறது. மனிதரைக் குளிர்விக்கும் நோக்கம் இல்லாமல், தாளையும் மையையும் காப்பதற்காக ஓர் அச்சகத்தில் பிறந்தது இக்கருவி. அதனை உருவாக்கிய வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஈரமும் வெம்மையும்

தாம்பரத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் அமைந்துள்ளது முடிச்சூர். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அவ்வூர், அடுக்ககங்களும் கடைகளும் மருத்துவமனைகளும் நிறைந்த புறநகராக இன்று வளர்ந்துள்ளது. சித்திரை, வைகாசித் திங்களில் அங்கு வெயிலில் நடப்போர் ஓர் உண்மையை உணர்வர். வெப்பமானி காட்டும் அளவைவிட உடல் உணரும் வெம்மை மிகுதியாக இருக்கும். உள்நாட்டு நகரமாகிய வேலூரில் அதனினும் உயர்ந்த வெப்பம் பதிவாகும் நாளில்கூட வியர்வை விரைவில் உலர்ந்துவிடும். கடலுக்கு அணித்தான சென்னைப் புறநகரிலோ வியர்வை உடலிலேயே தங்கிப் புழுக்கத்தைத் தரும்.

இதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரப்பதம். நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்துள்ள பொருளின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வதும், நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியினூடே வரும் காற்று இதமளிப்பதும் இவ்விதியினால்தான். காற்று முன்னரே நீராவியால் நிறைந்திருந்தால் மேலும் நீரை ஏற்கும் ஆற்றல் அதற்குக் குறைந்துவிடும். அத்தகைய நாளில் பானை நீரும் முழுமையாகக் குளிர்வதில்லை; மனித உடலும் குளிர்வதில்லை.

புழுக்கத்தை வெல்ல மனிதர் பல வழிகளை நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட கிடங்கே ஐஸ் ஹவுஸ். அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கிறது. அந்தப் பனிக்கட்டி செல்வர்களின் குடிநீரைக் குளிர்வித்தது. ஓர் அறையின் காற்றை வேண்டிய அளவு உலர்த்தவோ, வேண்டிய அளவு நனைக்கவோ அதனால் இயலவில்லை. அதற்குக் காற்றைத் துல்லியமாக அளக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

ஆப்பிள் துண்டுகளில் கற்ற கணக்கு

வில்லிஸ் கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். வேளாண்மைக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாக வளர்ந்தார். அவருடைய தாயார் எலிசபெத், கடிகாரத்தையும் தையல் இயந்திரத்தையும் தாமே பழுதுநீக்கும் கைத்திறன் உடையவர். இயந்திரங்களின்மீது மகனுக்கு ஏற்பட்ட ஈடுபாடு அத்தாயிடமிருந்தே வந்தது எனலாம்.

பள்ளியில் பின்னங்கள் அச்சிறுவனுக்கு விளங்கவில்லை. ஒன்றை எவ்வாறு பகுப்பது, பகுத்தவற்றை எவ்வாறு கூட்டுவது என்று அறியாமல் அவன் திகைத்தான். தாயார் ஒரு கூடை ஆப்பிள்களை எடுத்துவரச் செய்தார். அவற்றைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டச் சொல்லி, துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் காட்டினார். எண்கள் அவன் கண்ணெதிரே பொருள்களாயின. கடினமான எந்தச் சிக்கலையும் சிறு பகுதிகளாகப் பிரித்து அறியலாம் என்னும் தெளிவு அன்று அவனுள் வேரூன்றியது. பிற்காலத்தில் உலகம் போற்றும் பொறியாளரான பின்னரும் இந்நிகழ்ச்சியையே தம் கல்வியின் திருப்புமுனையாகக் கேரியர் கருதினார்.

அவருக்குப் பதினொரு வயதானபோது தாயார் மறைந்தார். குடும்பத்தின் பொருள்நிலையும் தாழ்ந்தது. உயர்கல்வி எட்டாக்கனியாகத் தோன்றிய காலத்தில் அவர் மனம் தளரவில்லை. சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1897இல் போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அத்தொகை உணவுக்கும் உறைவிடத்துக்கும் போதவில்லை. பிறர் வீட்டுப் புல்வெளிகளைச் செதுக்கினார். கணப்பு உலைகளைப் பராமரித்தார். சக மாணவர் ஒருவருடன் இணைந்து மாணவர்களுக்கான கூட்டுறவுச் சலவையகம் ஒன்றை நடத்தினார். இவ்வாறு உழைத்துக்கொண்டே பயின்று 1901இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார்.

ஊகத்தை விலக்கிய இளைஞர்

அவ்வாண்டே பஃபலோ போர்ஜ் என்னும் நிறுவனத்தில் வாரம் 10 டாலர் ஊதியத்தில் பணியில் அமர்ந்தார். காற்றுவிசிறிகள், ஊதுலைகள், வெப்பமூட்டும் கருவிகள் ஆகியவற்றைச் செய்து விற்றது அந்நிறுவனம். ஒரு கட்டடத்தை வெப்பமூட்ட எவ்வளவு பெரிய கருவி தேவை என்பதை அக்காலப் பொறியாளர்கள் பெரும்பாலும் ஊகத்தினாலேயே முடிவு செய்தனர். ஊகம் தவறக்கூடும் என்னும் அச்சத்தால் தேவையினும் பெரிய கருவிகளையே அமைத்தனர். பொருளும் எரிபொருளும் வீணாயின.

இளைஞராகிய கேரியரின் மனம் இம்முறையை ஏற்கவில்லை. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் வெப்பமூட்டும் சுருள்களைச் சோதித்தார். எவ்வளவு நீராவி செலுத்தினால், எவ்வளவு விரைவில் காற்று கடந்தால், அதன் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை அளந்து அட்டவணைகளாக வகுத்தார். அவற்றின் பயனை உணர்ந்த நிறுவனம் ஆய்வுக்கென ஒரு பிரிவைத் தொடங்கி அதன் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. பட்டம் பெற்று ஓராண்டு நிறைவதற்குள் அவருக்கு இப்பொறுப்பு வாய்த்தது. அவர் பெயரை நிலைநிறுத்திய சிக்கலும் அப்போதுதான் அவரைத் தேடி வந்தது.

அச்சகத்தின் சிக்கல்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சேக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்னும் அச்சகம் இருந்தது. அங்கு வண்ணப் படங்களுடன் இதழ்கள் அச்சாயின. வண்ண அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே தாளில் பதிகிறது. முதல் நிறம் பதிந்த தாளின்மீது அடுத்த நிறம் மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால்தான் படம் தெளிவாக அமையும். உங்கள் கையிலுள்ள இப்பாடநூலின் வண்ணப் படங்களும் அவ்வாறே உருவானவை.

தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும் தன்மையது. காற்று உலர்ந்தால் சுருங்கும். புரூக்ளினில் ஒரு நாள் ஈரக்காற்றும் மறுநாள் உலர்காற்றும் வீசின. நேற்று மஞ்சள் நிறம் பதிந்த தாள் இன்று நீலம் பதியும்போது அளவில் மாறியிருந்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. மையும் உரிய காலத்தில் உலரவில்லை. அச்சடித்த தாள்கள் கழிவாயின. இதழ்கள் குறித்த நாளில் வெளிவரத் தவறின. நாட்காட்டிகளுக்கும் வண்ண அச்சுக்கும் பெயர்பெற்ற நம் சிவகாசியில் பணிபுரிவோருக்கு இத்தொல்லை நன்கு தெரியும். மழைக்காலத்தில் தாளைக் காப்பது அவர்களுக்கு இன்றும் ஒரு தனிக் கவலையே.

இச்சிக்கலைத் தீர்க்கும் பணி 25 வயதுக் கேரியரிடம் வந்தது. அறையைக் குளிர்விப்பது அவருக்கு இடப்பட்ட பணி அன்று. ஆண்டு முழுவதும் அறையின் ஒப்பு ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிலைநிறுத்த வேண்டும் என்பதே கேட்கப்பட்டது. அவர் வானிலைத் துறையின் அட்டவணைகளைக் கற்றார். குளிர்ந்த பரப்பின்மீது காற்று படும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகப் படியும் இயல்பைப் பயன்கொள்ளத் துணிந்தார். குளிர்நீர் நிரம்பிய செம்பில் வெளிப்புறம் நீர்முத்துகள் அரும்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதே இயல்பை ஒரு கட்டடத்தின் அளவுக்கு அவர் விரித்தார்.

1902ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்ட அவருடைய வரைபடங்களே நவீன குளிர்சாதனத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படுகின்றன. விசிறிகள், காற்றுக்குழாய்கள், குளிர்நீர் ஓடும் சுருள்கள், குளிர்காலத்தில் ஈரமூட்டும் நீராவிக் குழாய்கள் ஆகியன அச்சகத்தில் பொருத்தப்பட்டன. முதலில் ஆழ்கிணற்று நீர் சுருள்களில் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் அம்மோனியாவினால் இயங்கும் குளிர்பதன இயந்திரமும் இணைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஈடான ஆற்றலை அவ்வமைப்பு பெற்றிருந்தது.

குளிர்சாதனத்தை இன்றும் டன் கணக்கில் நாம் குறிப்பிடுவதற்குப் பனிக்கட்டியே காரணம். 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை நீக்கும் ஆற்றலே ஒரு டன். கருவியின் எடைக்கும் இவ்வளவைக்கும் தொடர்பில்லை. அச்சக அமைப்பின் ஆற்றல் இக்கணக்கின்படி 54 டன். கடல்கடந்து பனிக்கட்டி வந்த காலம் மறைந்தாலும் அதன் அளவை மட்டும் கடைகளின் விலைப்பட்டியலில் இன்றும் வாழ்கிறது.

மூடுபனி தந்த விடை

அச்சகத்தில் பெற்ற வெற்றியோடு கேரியர் அமைதி கொள்ளவில்லை. காற்றின் ஈரத்தை இதனினும் எளிதாக, இதனினும் துல்லியமாகக் கட்டுப்படுத்த இயலுமா என்று ஆராய்ந்தார். 1902ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை, பிட்ஸ்பர்க் நகரத் தொடர்வண்டி நிலையத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். நடைமேடையை மூடுபனி சூழ்ந்திருந்தது. அதனைக் கண்டவாறே சிந்தனையில் ஆழ்ந்தார்.

மூடுபனியில் காற்று நீராவியால் நிறைவுற்றிருக்கிறது. ஆயினும் வெப்பநிலை குறைவாக இருப்பதால் அக்காற்றில் அடங்கியுள்ள நீரின் மொத்த அளவு சிறிதே. எனவே, காற்றைக் குளிர்ந்த நீர்த்தூவலினூடே செலுத்தி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறைவுறச் செய்தால், அதில் எஞ்சும் ஈரத்தின் அளவை முன்கூட்டியே உறுதி செய்யலாம். பின்னர் அக்காற்றைச் சற்றே வெப்பப்படுத்தினால் வேண்டிய ஈரப்பதம் கிட்டும். நீரைத் தெளித்தே காற்றை உலர்த்தலாம் என்னும் இக்கருத்து முதலில் கேட்போர்க்கு முரணாகத் தோன்றும். தெளிக்கும் நீரின் குளிர்ச்சியே இங்குத் திறவுகோல். இக்கண்டுபிடிப்புக்கு 1906ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே வடகரோலினாவைச் சேர்ந்த பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் ஏர் கண்டிஷனிங் என்னும் சொல்லை ஆக்கினார். நூற்புக்கு உகந்தவாறு காற்றைப் பக்குவப்படுத்துதல் என்பது அதன் கருத்து. காற்று உலர்ந்தால் பஞ்சாலையில் இழைகள் அறுபடும். நிலைமின்னால் பஞ்சு பறக்கும். கோயம்புத்தூர் நூற்பாலைகளில் ஈரப்பதம் பேணப்படுவதும் இதன்பொருட்டே. அமெரிக்கத் தென்மாநிலப் பஞ்சாலைகள் கேரியரின் கருவிகளை நாடின. 1907இல் ஜப்பானின் யோக்கோகாமா நகரப் பட்டாலை ஒன்றுக்கும் அவை சென்றன.

ஆலைதோறும் சென்று அளந்த பட்டறிவைக் கேரியர் சூத்திரங்களாக வடித்தார். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பை விளக்கும் கட்டுரையை 1911ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அளித்தார். அதனுடன் அமைந்த வரைபடத்தின் வழிவந்த வரைபடங்களைக் குளிர்சாதனப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். தாம் அரும்பாடுபட்டுக் கண்டறிந்ததை நிறுவனத்தின் மறைபொருளாகப் பூட்டிவைக்காமல் பொறியாளர் அனைவர்க்கும் பொதுவாக்கியது அவருடைய பெருந்தன்மையைக் காட்டும்.

எழுவர் கூட்டு

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. வருங்காலம் குறித்து அஞ்சிய பஃபலோ போர்ஜ் நிறுவனம், கருவிகளைச் செய்து விற்பதோடு நின்றுவிட முடிவு செய்தது. காற்றுக் கட்டுப்பாட்டுப் பொறியியல் பணி கைவிடப்படும் நிலை உருவாயிற்று. கேரியரும் அவருடைய நண்பர் இர்வின் லைலும் உள்ளிட்ட இளம் பொறியாளர் எழுவர் தம் சேமிப்பைத் திரட்டினர். சேர்ந்த தொகை 32,600 டாலர். நிலையான பணியைத் துறந்து, போர்ச்சூழலில் அவ்வெழுவரும் 1915ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் கேரியர் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினர்.

அக்காலக் குளிர்பதன இயந்திரங்கள் உருவில் பெரியவை. அம்மோனியா போன்ற நச்சு வளியைப் பயன்படுத்தியவை. கசிவு நேர்ந்தால் உயிருக்கு ஊறு விளையும். மக்கள் நெருங்கிக் கூடும் இடத்தில் அவற்றை அமைப்பது இடர் நிறைந்தது. கேரியர் இக்குறையைக் களைய முனைந்தார். மையவிலக்கு விசையால் இயங்கும் அமுக்கியையும், அம்மோனியாவினும் தீங்கு குறைந்த குளிர்பதனப் பொருளையும் கொண்ட புதிய இயந்திரத்தை உருவாக்கி 1922இல் அறிமுகப்படுத்தினார். ஆலைகளுக்குள் அடங்கியிருந்த குளிர்சாதனம் பொதுமக்களிடம் வருவதற்கு இவ்வியந்திரமே வாயில் திறந்தது.

விசிறிகள் ஓய்ந்த இரவு

1924இல் டெட்ராய்ட் நகர ஹட்சன் அங்காடியில் இவ்வியந்திரங்கள் மூன்று அமைக்கப்பட்டன. அங்காடியின் அடித்தளத்தில் மலிவு விற்பனை நடக்கும் நாள்களில் கூட்ட நெரிசலாலும் புழுக்கத்தாலும் மக்கள் மயங்கி விழுந்து வந்தனர். குளிர்சாதனம் அமைந்தபின் அந்நிலை மாறியது.

மறு ஆண்டில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்த ரிவோலி திரையரங்கில் பணி நடந்தது. கோடையில் திரையரங்குகள் வெறிச்சோடுவது அந்நாளைய வழக்கம். 1925 மே மாத இறுதியில், விடுமுறை நாளையொட்டி அரங்கு திறக்கப்பட்டது. திரைப்படத்துறையில் பெரும்புள்ளியாக விளங்கிய அடால்ப் சூக்கரும் விளைவைக் காண வந்திருந்தார். இயந்திரத்தைச் சீராக்கி இயக்குவதில் காலம் தாழ்ந்தது. அதற்குள் அரங்கு நிறைந்துவிட்டது. நூற்றுக்கணக்கானோர் கைவிசிறிகளை வீசிக்கொண்டிருந்தனர். கேரியர் அரங்கின் பின்புறம் நின்று அவ்விசிறிகளையே நோக்கியிருந்தார்.

காற்று மெல்ல மாறியது. முதலில் ஒரு சில விசிறிகளும் பின்னர்ப் பலவும் அசைவற்று மடியில் ஓய்ந்தன. ஈரப்பதத்தை வெப்பமானிகளில் படித்துப் பழகிய பொறியாளருக்கு அன்று ஆயிரம் கைகள் அளவுகருவிகளாயின. அக்கோடைக்குப் பின் பிற திரையரங்குகளும் குளிர்சாதனத்தை நாடின.

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் நிறுவனத்தைக் கடுமையாகத் தாக்கியது. கேரியர் ஆய்வை நிறுத்தவில்லை. 1937இல் நிறுவனம் சிரக்யூஸ் நகரில் ஒருங்கிணைந்தது. வானுயர் கட்டடங்களுக்கு ஏற்ற, குறுகிய குழாய்களில் விரைந்து காற்றைச் செலுத்தும் முறையையும் அவர் வகுத்தார். இரண்டாம் உலகப்போரின்போது, விண்ணின் உயரத்தில் நிலவும் கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்கி விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்கான குளிர்பதன அமைப்பைக் கிளீவ்லாந்தில் உருவாக்க உழைத்தார். 1950ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் தம் 73ஆம் வயதில் மறைந்தார்.

பொருத்தும் பணியின் நுட்பம்

கேரியரின் இயந்திரம் ஒரு பெரிய அறையை நிறைத்தது. இன்று முடிச்சூரில் ஓர் அங்காடிக்கோ மருத்துவமனைக்கோ பொருத்தப்படும் குளிர்சாதனம் மாடியின் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. உருவம் சுருங்கினாலும் பணியின் நெறி அவர் வகுத்ததே. முதலில் அளத்தல், பிறகு அமைத்தல், இறுதியில் மீண்டும் அளந்து உறுதி செய்தல் என்பது அந்நெறி.

தேர்ந்த கம்மியர் கருவியை வாங்குமுன் அறையை அளப்பார். நீள அகலத்தோடு, மேற்கு வெயில் படும் சுவர், கண்ணாடிப் பரப்பு, கூடும் மக்களின் எண்ணிக்கை, விளக்குகளும் பிற கருவிகளும் வெளியிடும் வெப்பம் ஆகியவற்றையும் கணக்கிடுவார். தேவையினும் பெரிய கருவியை அமைத்தால் அறை விரைவில் குளிர்ந்து கருவி அடிக்கடி நின்றுவிடும். காற்றின் ஈரம் போதிய அளவு நீங்காது. சென்னைப் புறநகரின் ஈரக்காற்றில் இது பெருங்குறை. குளிர்ந்தும் புழுக்கம் தீராத அறைகள் இவ்வாறே உருவாகின்றன.

அடுத்தது மின்னிணைப்பு. வணிகப் பயன்பாட்டுக்குரிய பெரிய கருவிகள் மும்முனை மின்சாரத்தில் இயங்குகின்றன. அதற்கெனத் தனி மின்சுற்றும், உரிய திறனுள்ள மின்துண்டிப்பானும், மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமனுள்ள செப்புக்கம்பியும், பழுதற்ற புவித்தொடுப்பும் இன்றியமையாதவை. மும்முனைகளின் வரிசை மாறினால் சிலவகை அமுக்கிகள் எதிர்த்திசையில் சுழன்று கெடும். இணைப்பில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அவ்விடம் சூடேறித் தீப்பற்றக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதைக் கம்மியர் மறப்பதில்லை. இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

செப்புக்குழாய்களை இணைத்தபின் நைட்ரஜன் வளியை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவு உண்டா எனச் சோதிப்பர். பின்னர் வெற்றிடப் பம்பினால் குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றுவர். சிறிதளவு ஈரம் உள்ளே தங்கினும் குறுகிய வழியில் உறைந்து குளிர்பதனப் பொருளின் ஓட்டத்தை அடைக்கும். எண்ணெயுடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி மோட்டாரின் கம்பிச்சுற்றை அரிக்கும். இப்பணியில் அரை மணி நேரத்தைச் சேமிக்க விரும்புவோர் கருவியின் பல ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். புரூக்ளின் அச்சகத்தில் கேரியர் எதிர்த்து நின்ற அதே ஈரம் இங்குக் குழாய்க்குள் பகையாக நிற்கிறது.

அறையிலிருந்து நீக்கப்பட்ட ஈரம் நீராகி வடிகுழாய் வழியே வெளியேறும். அக்குழாய்க்குச் சரியான சாய்வு இல்லையெனில் நீர் சுவரில் இறங்கும். வெளியே அமையும் பகுதிக்குத் தடையற்ற காற்றோட்டம் வேண்டும். முடிச்சூரில் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் அடையாறு கரைபுரண்டபோது அவ்வூரின் பல தெருக்களில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நிலத்தில் கருவியையும் மின்பலகையையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைப்பதே அறிவுடைமை. நிலத்தின் இயல்பை அறியாமல் அமைத்த இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் நிலைக்காது.

குளிர்ச்சியின் விலை

குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து, தான் செலவிட்ட மின்னாற்றலின் வெப்பத்தோடு சேர்த்துத் தெருவில் விடுகிறது. உள்ளே இருப்பவர் குளிர்ச்சியை நுகர, வெளியே நடப்பவர் அவ்வெப்பத்தைத் தாங்குகிறார்.

1930 முதல் பரவிய குளோரோபுளூரோகார்பன் வளிகள் தீப்பற்றாதவை, நச்சற்றவை எனப் போற்றப்பட்டன. அவை வானின் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்பதை 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. மாற்றாக வந்த வளிகள் புவி வெப்பத்தை மிகுவிப்பதால், அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. புதிய வளிகளுள் சில எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் கம்மியரின் பொறுப்பு மேலும் மிகுந்துள்ளது. பழுதுநீக்கும்போது வளியைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் சேகரிப்பதும் அவர் கடமையே. இந்தியாவில் 2020 முதல் அறைக் குளிர்சாதனங்களின் தொடக்க வெப்பநிலை 24 பாகையாக அமைக்கப்பட்டு விற்கப்படுகிறது. பயன்படுத்துவோரின் சிக்கனத்தை எதிர்பார்க்கும் ஏற்பாடு இது.

இக்கேடுகளைக் கேரியர் முழுமையாக அறிந்திருக்க இயலாது. ஆயினும் அவற்றைக் களைய அவர் வழியே துணைபுரியும். தேவையை அளந்து, தேவையான அளவுக்கே அமைத்தல் அவ்வழி. அளவறிந்து வாழ்தலைத் தமிழ் அறநூல்களும் வலியுறுத்துகின்றன. தாயார் வெட்டிய ஆப்பிள் துண்டுகளில் தொடங்கிய அளவறிவு, மருத்துவமனை அறுவை அரங்கிலும், மருந்துக் கிடங்கிலும், கணிப்பொறி மையத்திலும் இன்று மக்களைக் காத்து நிற்கிறது. மொட்டைமாடி வெயிலில் அமர்ந்து அளவுமானியின் முள் நிலைகொள்ளும் வரை பொறுமையோடு காத்திருக்கும் கம்மியர் ஒவ்வொருவரும் அவ்வறிவின் வழித்தோன்றல்களே.

கற்பவை கற்றபின்

1. மண்பானை நீர் மழைக்காலத்தில் மிகுதியாகக் குளிராமைக்குரிய காரணத்தை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றில் வெம்மையைத் தணிக்க அமைக்கப்பட்ட கூறுகளைக் கண்டறிந்து பட்டியலிடுக.

3. குளிர்சாதனம் பொருத்தும் கம்மியர் ஒருவரை நேர்கண்டு, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் திரட்டுக. அவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களைக் குழுவாக உருவாக்குக.

4. தம் கண்டுபிடிப்பைப் பொதுவாக்கிய கேரியரின் செயலைச் சான்றாகக் கொண்டு, அறிவைப் பகிர்தல் என்னும் தலைப்பில் கட்டுரை வரைக.